திரையைப் பதிவு செய்து டாலி சொல்லிக்கொடுக்கிறேன், பார்த்த பிறகும் போன் செய்கிறார்கள். எங்கே தவறு?

கணக்குப்பிள்ளை · சனி, இரவு 9:40

காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். கடையில் பில் போடும் பிள்ளைகளுக்கு டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான். ஒரு பிள்ளை பழகி நிமிர்வதற்குள் கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விடும். புதுப் பிள்ளை வரும், மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுத்துப்போய், போன மாதம் ஓபிஎஸ் ஸ்டுடியோவில் திரையைப் பதிவு செய்து நான்கு வீடியோ எடுத்தேன். விற்பனை, கொள்முதல், ரசீது, பேங்க் கணக்கை ஒத்துப்பார்ப்பது. ஒவ்வொன்றும் 14, 15 நிமிடம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லோரிடமிருந்தும் கட்டைவிரல் வந்தது. மறுநாள் கடை திறந்ததும் அதே பிள்ளைகள் போன் செய்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். "வீடியோ பாத்தியாம்மா?" என்றால், "பாத்தேன் சார், எஃப்8 அமுக்கினா ஒண்ணும் வரல சார்" என்கிறாள் ஒருத்தி. அதே வீடியோவில் அதைத்தான் ஐந்து நிமிடம் காட்டியிருக்கிறேன்!

மைக் மாற்ற வேண்டுமா? காசு கொடுத்து நல்ல மென்பொருள் வாங்க வேண்டுமா? ஒரு வீடியோவை இங்கே ஏற்றியிருக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

மானகிரி · சனி, இரவு 10:05

திட்டச் சொன்னதால் திட்டுகிறேன். முதல் ஒன்றரை நிமிடம் வணக்கம், டாலி என்றால் என்ன, கணக்கு ஏன் அவசியம். இதைப் பார்க்கிறவள் கவுண்டரில் ஆளை நிற்கவைத்துவிட்டுப் பார்க்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம், அது எந்த நிமிடத்தில் இருக்கிறது என்று வீடியோவில் ஒரு அடையாளமும் இல்லை. உங்களுக்குப் போன் போட்டால் அரை நிமிடத்தில் பதில் கிடைக்கிறது. நான் அந்தக் கடையில் இருந்தாலும் உங்களுக்குத்தான் போன் போடுவேன்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஓபிஎஸ் போதும்.

தேவகோட்டையான் · சனி, இரவு 11:20

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன், இந்த மாதிரி வீடியோ நிறைய எடுத்துக் கெடுத்திருக்கிறேன். உங்களுடையதை இரண்டு முறை பார்த்தேன்.

முதலில் பேச்சு. 3:10இல் நீங்கள் சொல்வது இது: "இங்க போயி, இத ஓப்பன் பண்ணி, பார்ட்டி பேர செலக்ட் பண்ணி, ஐட்டத்த போட்டு, ரேட்ட அடிச்சு, என்டர் குடுத்துக்கங்க." ஒரே வாக்கியம், ஆறு வேலை. நம் மொழியில் போய், திறந்து, எடுத்து, போட்டு என்று எச்சமாகவே கோத்துக்கொண்டு போகலாம், மூச்சு விட்டால்தான் முற்றுப்புள்ளி. நேரில் பேசும்போது அது அழகு. வீடியோவில் பார்க்கிறவள் எந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தன் வேலையைச் செய்வாள்? வாக்கியத்தை முடியுங்கள். "பார்ட்டி பெயர் என்ற கட்டத்துக்கு வாருங்கள்." நிறுத்தம். "கடைப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடியுங்கள்." நிறுத்தம். கேட்க மொட்டையாக இருக்கும். பரவாயில்லை.

அடுத்தது 'இங்க', 'இத'. அவள் போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உங்கள் குரலை மட்டும் கேட்கிறாள். 'இத' என்றால் எதை? வலப்பக்கம் வரிசையாக இருக்கும் பட்டன்களில் மேலிருந்து எத்தனையாவது, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். திரையில் உள்ள சொல்லையே சொல்லுங்கள். அங்கே சேவ் என்று இருக்கும்போது நீங்கள் தமிழார்வத்தில் 'சேமிப்புப் பொத்தான்' என்றால் அவள் அதைத் தேடிக்கொண்டே இருப்பாள்.

மூன்றாவது, டாலிக்கே உரிய வம்பு. அது மவுஸில் ஓடுவதில்லை, விசைப்பலகையில் ஓடுகிறது. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது. நீங்கள் அழுத்துவது பதிவில் தெரியாது, திரை மட்டும் தானாக மாறும். பார்ப்பவளுக்கு மோடிமஸ்தான் வித்தை. அழுத்துவதற்கு முன் வாயால் சொல்லுங்கள், ஒன்று இரண்டு எண்ணுங்கள், பிறகு அழுத்துங்கள். எப்போதும் இந்த வரிசைதான்: சொல், நிறுத்து, செய். நீங்கள் செய்துவிட்டுச் சொல்கிறீர்கள்.

எஃப்8 வேலை செய்யவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பதிவு போடும் வவுச்சர்ஸ் பகுதிக்குள் போகாமல் முதல் திரையிலேயே நின்று அழுத்தியிருப்பாள். உங்கள் வீடியோ உள்ளே போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. எங்கிருந்து கிளம்புகிறோம் என்று காட்டாமல் வழி சொன்னால் எப்படி?

வளவுவீடு · ஞாயிறு, காலை 7:15

மைக் பற்றிக் கேட்டீர்களே. மைக் பழுதில்லை அண்ணே, வீடு பழுது. நீங்கள் பழைய வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து எடுத்திருக்கிறீர்கள், சரிதானே? நான் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டிலிருந்து ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன், அந்த முழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் வீடுகளில் தரை ஆத்தங்குடிக் கல். சுவர் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி வழுவழு. தூண் பர்மாத் தேக்கு. கூரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. சத்தத்தைக் குடிக்க அங்கே எதுவுமே இல்லை, சுவருக்குச் சுவர் பந்தாடுகிறது. பட்டாலையில் நின்று கையை ஒரு தடவை தட்டிப் பாருங்கள், ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று. அந்த நேரம் முழுக்க உங்கள் முந்தைய வார்த்தை அடுத்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டு மைக் மாதிரி.

நான் முதலில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள சின்ன அறை ஒன்றுக்குள் போனேன். சாமான் அறை. அப்பத்தாவின் சீர் வெண்கலமும் எவர்சில்வரும் அடுக்கி இருந்தது. நான் பேச, அடுக்கு மொத்தமும் கூடவே ரீங்காரம் போட்டது. அப்புறம் படுக்கை வைக்கும் அறைக்கு மாறினேன். பஞ்சு மெத்தை மூன்றைச் சுவரோரம் நிறுத்தி, கீழே ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் பக்கம் முகத்தைக் காட்டிப் பேசுவேன். புழுக்கம் தாங்காது, பேனையும் நிறுத்தியாக வேண்டும். ஆனால் குரல் காதருகே பேசுவது போல விழும்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி டப் டப் என்று அடிக்காது. சாதாரண சட்டைக் காலர் மைக்கே போதும். பேசத் தொடங்குமுன் ஐந்து விநாடி சும்மா இருந்து பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் இரைச்சலைக் குறைக்க அந்த மௌனத்தைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும். அது பேன் இரைச்சல் போலச் சீரான ஓசையை எடுத்துவிடும். முழக்கத்தை எடுக்காது. அதற்கு மெத்தைதான் மருந்து.

பலகாரக்கடை · ஞாயிறு, காலை 8:02

தம்பி, நான் இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டு வந்தேன். உங்கள் வீடியோவையும் திறந்தேன். 7:12இல் திரையில் தெரிவது எங்கள் கடையின் பாக்கிப் பட்டியல். யார் யார் தேன்குழலும் மனகோலமும் வாங்கிவிட்டுப் பணம் தரவில்லை என்று ஊருக்கே படித்துக் காட்டியிருக்கிறீர்கள். இதில் எங்கள் சம்பந்தி வீடும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, காலை 8:06

ஆச்சி, தப்பு என்னுடையதுதான், மன்னிக்கணும். இந்த நிமிடமே எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் போனதையும் அழிக்கச் சொல்கிறேன். நேரில் வந்து பேசுகிறேன்.

பலகாரக்கடை · ஞாயிறு, காலை 8:20

சரி. நேரில் வாங்க, பேசிக்கொள்வோம். ஒரு நல்லது நடந்தது, அதில் ஒருவர் இப்போதுதான் பணம் அனுப்பினார்.

தேவகோட்டையான் · ஞாயிறு, காலை 9:30

ஆச்சி சொன்னது சிரிப்பாகப் போய்விட்டது, ஆனால் இது பெரிய விஷயம். கடையின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். பில்லின் தலைப்பைக் காட்டினாலே ஒருவருடைய பான் எண்ணைக் காட்டியதாகிறது.

எடுத்த பிறகு மறைப்பது என்றால் ஒரு காட்சி தப்பினாலும் போச்சு. வீடியோவுக்கென்று தனியாக ஒரு பொய்க் கம்பெனி உருவாக்குங்கள். டாலியின் கல்விப் பயன்முறையே இதற்குப் போதும், உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அதில் மாதத்தின் 1, 2 தேதிகள் போன்ற சில நாட்களில் மட்டும்தான் பதிவு போட முடியும். வீடியோவில் எல்லா பில்லும் ஏன் ஒன்றாம் தேதி என்று கேட்டால் காரணம் சொல்லிவிடுங்கள். பொய்க் கணக்கிலும் சரக்கு நிஜமாக இருக்கட்டும், 'ஐட்டம் 1, ஐட்டம் 2' வேண்டாம். சீப்புச்சீடை இரண்டு கிலோ என்று போட்டால் அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான பில்லாக இருக்கும்.

அப்புறம் பதிவுக்கு முன் வாட்ஸ்அப் வெப், மெயில் எல்லாவற்றையும் மூடி, அறிவிப்புகளை அணையுங்கள். ஒரு மாணவன் சமர்ப்பித்த வீடியோவில் மூலையில் ஒரு ஓடிபி வந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஓலைக்கொட்டான் · ஞாயிறு, மதியம் 1:45

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. கொட்டான் பின்னும் அக்காமாருக்கு, படம் எடுத்து ஆன்லைன் கடையில் எப்படி ஏற்றுவது என்று போனிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன். ஆண்ட்ராய்டு 11இலிருந்து திரைப்பதிவு போனிலேயே வருகிறது, தனியாக எதுவும் வேண்டாம்.

எனக்கு வந்த சிக்கல், விரல் எங்கே படுகிறது என்று பதிவில் தெரியவில்லை. பெரும்பாலான போன்களில் பதிவைத் தொடங்கும்போதே தொடுதலைக் காட்டவா என்று கேட்கும், அதை ஆன் செய்தால் தொடும் இடத்தில் ஒரு வட்டம் தெரியும். இல்லாவிட்டால் அமைப்புகளில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி, டெவலப்பர் பகுதியைத் திறந்து அங்கே ஆன் செய்யலாம்.

பேங்க் ஆப்பைப் பதிவு செய்தால் வெறும் கறுப்பாக வந்தது. போன் கெட்டுவிட்டது என்று பயந்தேன். அந்த ஆப்பே பதிவைத் தடுக்கிறதாம். நல்லதுதான். அந்த இடத்தை வாயால் மட்டும் சொல்லிக் கடந்துவிட்டேன்.

நான் கண்ட பெரிய விஷயம் எழுத்து அளவு. எங்கள் அக்காமார் போனை நெடுக்காகத்தான் பிடிப்பார்கள், படுக்கப் போட்டுப் பார் என்றால் கேட்கமாட்டார்கள். கம்ப்யூட்டர் திரை அகலமானது, அது நெடுக்காகப் பிடித்த போனில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் வரும். அதில் எழுத்து எறும்பு.

தேவகோட்டையான் · ஞாயிறு, மதியம் 2:30

அக்கா சொன்ன தீப்பெட்டிதான் உண்மையான அளவு. பதிவுக்கு முன் கம்ப்யூட்டர் திரையை 1280க்கு 720 என்று குறைத்துவிடுங்கள், எல்லா எழுத்தும் பெரிதாகும். ஓபிஎஸ்ஸில் உள்ளே வரும் அளவு, வெளியே போகும் அளவு இரண்டையும் அதே 1280க்கு 720 ஆக வையுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் எழுத்தின் ஓரம் மங்கும். ஒரு ஜன்னலை மட்டும் பிடிக்காமல் முழுத் திரையையும் பிடியுங்கள். இல்லாவிட்டால் திடீரென்று மேலே எழும்பும் சின்னப் பெட்டிகள் சில சமயம் பதிவில் வராமல் போகும்.

ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்ட மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஜூம்இட் இருக்கிறது. கன்ட்ரோல் 1 அழுத்தினால் திரை உறைந்து பெரிதாகும், அதன்மேல் கோடு போடலாம். பெரிதாக்கியபடியே தட்டச்சு செய்ய வேண்டுமானால் கன்ட்ரோல் 4. இதைப் பழகிவிட்டால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கி அனுப்பும், எழுத்து கரைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். எடுத்தபடியே போகும், கோப்பின் பெயரும் நிலைக்கும். கோப்பின் பெயர் அந்தப் பிள்ளை போனில் கேட்கும் கேள்வியாகவே இருக்கட்டும்: 'பில் போட்ட பிறகு தேதி மாற்ற'.

மானகிரி · ஞாயிறு, மாலை 4:10

யூடியூபில் போட்டால் விவரக்குறிப்பில் நேரத்தை எழுதிப் பிரிவு வைக்கலாம். 0:00இல் தொடங்க வேண்டும், மூன்று பிரிவாவது வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது இருக்க வேண்டும். ஆனால் நான் 15 நிமிட வீடியோவுக்குப் பிரிவு வைப்பதைவிட ஆறாக வெட்டு என்றே சொல்வேன். நாளைக்கு மென்பொருள் மாறினால் இரண்டு நிமிடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். டாலியின் முந்தைய பதிப்பான ஈஆர்பி 9 இருந்த காலத்தில் எடுத்த வீடியோக்கள் 2020இல் பிரைம் வந்ததும் என்ன ஆயின என்று நினைத்துப் பாருங்கள்.

வளவுவீடு · ஞாயிறு, இரவு 8:50

ஒரு சந்தேகம். நேற்று 12 நிமிடம் பேசி முடிக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எம்பி4 கோப்பு அங்கேயே இருக்கிறது, திறக்க மறுக்கிறது. மெத்தைக்குள் வெந்ததெல்லாம் வீணா?

தேவகோட்டையான் · ஞாயிறு, இரவு 9:05

அந்தக் கோப்பு அனேகமாகப் போனதுதான். சாதாரண எம்பி4இல் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் அறுந்தால் அட்டவணை இல்லாத மூட்டை. ஓபிஎஸ் அமைப்பில் பதிவுக் கோப்பின் வடிவத்தை எம்கேவி என்று மாற்றுங்கள், கரண்ட் போனாலும் அதுவரை பேசியது தங்கும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் என்று இருக்கும், அதில் கொடுத்தால் சில விநாடிகளில் எம்பி4 ஆகிவிடும். தரமும் குறையாது. பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 6:30

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி. முழுவதும் எழுதி வைத்துப் படிப்பதா, அப்படியே பேசுவதா? எழுதிப் படித்தால் ஆகாசவாணி மாதிரி இருக்கிறது. எழுதாமல் பேசினால் 'அதாவது, வந்து' என்று இழுக்கிறேன்.

வளவுவீடு · திங்கள், காலை 7:00

எழுதுங்கள், ஆனால் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். தவறினால் நிறுத்தாதீர்கள். பலமாக ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். எடிட் செய்யும்போது ஒலிக்கோட்டில் அந்த இடம் ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும், தேட வேண்டியதில்லை.

தேவகோட்டையான் · திங்கள், காலை 7:40

எல்லாத் தவறையும் வெட்டாதீர்கள் என்பேன். ஒன்றை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய பயம், எதையாவது அழுத்திக் கணக்கே அழிந்துவிடுமோ என்பதுதான். தப்பான தொகை போட்டு, அன்றன்றைய பதிவுகள் இருக்கும் டே புக்கில் அந்த பில்லைத் திறந்து திருத்துவதைக் காட்டுங்கள். ஆல்ட் டி அழித்துவிடும், ஆல்ட் எக்ஸ் ரத்து செய்து எண்ணை மட்டும் வைத்திருக்கும் என்ற வித்தியாசத்தையும் சொல்லுங்கள்.

மானகிரி · திங்கள், காலை 7:55

ஒப்புக்கொள்ளமாட்டேன். திருத்துவது தனி வீடியோ. பில் போடும் வீடியோவில் தவறான தொகையைப் பார்த்துவிட்டு அதையே அடித்து வைப்பார்கள்.

பழைய பெட்டியடி · திங்கள், காலை 10:15

கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. 70 வயதாகிறது. ஆனால் கேள்வி என் வீட்டுக் கேள்வி மாதிரி இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பணப்பெட்டியின் அடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்வது, அதன் நடுவே கணக்கைக் கண்ணால் பிடிப்பது. அப்புறம் அடுத்தாள், அதற்கும் மேலே ஏஜெண்டு. பேரேடு எழுதவோ ஐந்தொகை போடவோ யாரும் வகுப்பெடுத்ததில்லை. அடுத்தாள் எழுதுவார், பையன் பார்ப்பான். ஒரு நாள் பேனாவைப் பையன் கையில் கொடுத்துவிட்டு அடுத்தாள் வெற்றிலை போடப் போய்விடுவாராம். போகமாட்டார், தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். பையன் எந்த வரியில் தயங்குகிறான் என்று தெரிந்துகொண்டு, மறுநாள் அந்த வரியை எழுதும்போது மட்டும் கையை மெதுவாக ஓட்டுவார்.

தம்பி, உங்கள் வீடியோவை அந்தப் பிள்ளை பார்ப்பதை நீங்கள் ஒரு தடவையாவது பக்கத்திலிருந்து பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 10:40

இல்லை ஐயா.

கணக்குப்பிள்ளை · இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 9:15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 15 நிமிட வீடியோக்களைத் தூக்கிப் போட்டேன். மொத்தம் ஒன்பது சின்ன வீடியோ, எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. பொய்க் கம்பெனிக்கு 'அன்னம் பலகாரம்' என்று பெயர். மெத்தை எங்கள் வீட்டில் இரண்டுதான் கிடைத்தது, மூன்றாவதுக்குப் பதில் கம்பளி. மானகிரி சொன்னபடி திருத்துவதைத் தனி வீடியோவாகவே எடுத்தேன். தேவகோட்டை அண்ணன் கோபிக்க வேண்டாம், அதன் முதல் காட்சியே தப்பான பில்தான்.

அனுப்புவதற்கு முன் பலகாரக்கடை ஆச்சியிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை உட்காரவைத்தேன். எஃப்8 வரவில்லை என்ற அதே பிள்ளைதான். போனில் வீடியோவைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதில்லை என்று சபதம். ஐயா சொன்ன தூண் அந்தக் கடையில் இல்லை, அதிரச டப்பா அடுக்குக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

வவுச்சர்ஸ் உள்ளே சரியாகப் போனாள். வீடியோவை நிறுத்தினாள். எஃப்8 அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை அழுத்தும்போதுதான் கவனித்தேன், திரையின் வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுகிறது.

அவள் வேலை செய்வது லேப்டாப்பில். அதில் எஃப்8 என்பது வெளிச்சத்தைக் கூட்டும் விசை. கீழே இடது மூலையில் இருக்கும் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் அது எஃப்8. என் வீட்டில் இருப்பது பழைய பெரிய கம்ப்யூட்டர், அதில் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரு மாதமாக அவள் போனில் சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் 'நல்லா அமுக்கும்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு 40 விநாடியில் ஒரு வீடியோ எடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் திரைப்பதிவாக எடுக்கவில்லை, அந்த விசைப்பலகையைப் போன் கேமராவில் பிடித்தேன்.

ஓலைக்கொட்டான் · சனி, இரவு 9:50

அதை எனக்கும் அனுப்புங்கள் அண்ணே. எங்கள் சங்கத்து லேப்டாப்பில் இதே கதைதான், நாங்கள் சர்வீஸுக்குக் கொடுக்க இருந்தோம்.

பலகாரக்கடை · சனி, இரவு 10:10

அந்தப் பிள்ளை நேற்று தனியாக 31 பில் போட்டாள். ஒரு தடவை மட்டும் உங்களுக்குப் போன் செய்தாள், அது சீடை வேண்டுமா என்று கேட்க.